போர்ட்டை மாற்றியபின் டிசிபி செக்சம் தவறுகிறது: லினக்ஸ் நெட்ஃபில்டர் மாட்யூல்

நெட்ஃபில்டரில் (பாக்கெட்டுகளை வழியில் பிடித்து மாற்ற உதவும் லினக்ஸ் கெர்னல் பகுதி) எழுதிய உங்கள் மாட்யூல் போர்ட்டை மாற்றியபின் செக்சம் (பாக்கெட் பிழையின்றி வந்ததா என்று சரிபார்க்கும் தொகை) தவறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அதை மறுபடி கணக்கிடுவதுதான் பிரச்சினை. வெளியே போகும் பாக்கெட்டில் டெஸ்டினேஷன் போர்ட்டை மாற்றிவிட்டு முழு செக்சத்தையும் எழுதும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, பழைய போர்ட், புதிய போர்ட் இரண்டையும் கொடுத்து 'இனெட்_புரோட்டோ_சிசம்_ரீபிளேஸ்2' என்ற கெர்னல் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். கடைசி ஆர்க்யுமென்ட் ஃபால்ஸ்.

காரணம் இதுதான். உங்கள் ஹுக்குக்கு (பாக்கெட்டைப் பிடிக்கும் உங்கள் ஃபங்ஷனுக்கு) பாக்கெட் வரும்போது செக்சத்துக்கான 16 பிட்டில் முழு செக்சம் இருக்காது. சூடோ ஹெடரின் (ஐபி முகவரிகள், புரோட்டோகால், நீளம் ஆகியவை) கூட்டுத்தொகை மட்டும்தான் இருக்கும். மீதியை நெட்வொர்க் கார்டு அதன்மேல் கூட்டிக்கொள்ளும். நீங்கள் முழுத்தொகையை வைத்தால் கார்டு அதையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறது. எதிர்முனை தூக்கிப்போடாமல் என்ன செய்யும்? போர்ட் சூடோ ஹெடரில் சேராது, அதனால் இந்த நிலையில் செக்சத்தைத் தொடவே வேண்டாம். தொட வேண்டுமா வேண்டாமா என்பதை நான் சொன்ன ஃபங்ஷன் தானே பார்த்துக்கொள்ளும்.

உறுதி செய்ய, ஹுக்கில் 'ஐபி_சம்ட்' (செக்சம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது) மதிப்பைப் பிரின்ட் செய்யுங்கள். 3 என்று வந்தால் இதேதான். ஈத்டூலில் (கார்டின் அமைப்பை மாற்றும் கருவி) ஆஃப்லோடை, அதாவது செக்சம் வேலையைக் கார்டிடம் விடுவதை, அணைத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அப்போது கெர்னலே அதே கூட்டலைச் செய்யும், தவறும் அப்படியே இருக்கும்.

அப்புறம், அனுப்பும் மெஷினில் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) 'இன்கரெக்ட்' என்று காட்டினால் கவலை வேண்டாம், அது கார்டு கணக்கிடுவதற்கு முந்தைய காட்சி. எதிர்முனையில் பிடித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: 'எஸ்கேபி_செக்சம்_ஹெல்ப்' (முழு செக்சத்தையும் அங்கேயே கணக்கிடும் கெர்னல் ஃபங்ஷன்) போட்டுச் சரிசெய்யச் சிலர் சொல்வார்கள். ஜிஎஸ்ஓ பாக்கெட் (பிறகு துண்டாக்கப்படும் பெரிய பாக்கெட்) வந்தால் அது எரர் திருப்பும்.