டிகிரி சென்னையில் வாங்கியது, எம்.எல்.சி. ஓட்டு பெங்களூரில் போடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம். முடித்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது பெங்களூரில் வேலை. ‘எம்.எல்.சி. தேர்தலுக்குப் பட்டதாரி வாக்காளராகப் பதிவு செய்துகொள்’ என்று கூட வேலை செய்பவர் ஒருவர் படிவத்தைக் கொடுத்திருக்கிறார். (எம்.எல்.சி. என்றால், சில மாநிலங்களில் சட்டமன்றத்தோடு இருக்கும் இரண்டாவது அவையான மேலவையின் உறுப்பினர்.) சென்னை டிகிரி அங்கே செல்லுமா, ஆர்.கே. நகரில் இருக்கும் ஓட்டு போய்விடுமா, நம்மிடம் இந்தத் தேர்தல் ஏன் இல்லை என்று கேட்கிறார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவர் கணவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: ‘பத்தாவது படித்தவனுக்கு அந்த ஓட்டு கிடையாதாமே, அது என்ன நியாயம்?’

முதலில் டிகிரி. தாராளமாகச் செல்லும் அம்மா. அரசியல் சட்டத்தின் 171-வது பிரிவு இந்தியாவில் உள்ள எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தையும் ஏற்கிறது, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் உட்பட. பட்டதாரியாகி மூன்று வருடம் நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பட்டியல் தயாராகும் வருடத்தின் நவம்பர் 1-ஐ வைத்து அந்த மூன்று வருடத்தைப் பார்ப்பார்கள். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து கணக்கு. பட்டமளிப்பு விழா தள்ளிப்போயிருந்தாலும் கவலை இல்லை. உங்கள் மகள் இதில் தேறிவிடுகிறார்.

இன்னொரு நிபந்தனை, அந்தத் தொகுதியில் உண்மையாகவே குடியிருக்க வேண்டும். சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. வாடகை அறையில் இருந்தாலும் அங்கேயே வாழ்ந்தால் அதுதான் குடியிருப்பு. ஆர்.கே. நகர் ஓட்டுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. பட்டதாரி வாக்காளர் பட்டியல் தனி, சட்டமன்ற வாக்காளர் பட்டியல் தனி. ஒன்றில் சேர்ந்தால் இன்னொன்றில் பெயர் தானாக நீங்காது. ஆனால் ‘நான் பெங்களூரில் குடியிருக்கிறேன்’ என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தண்டையார்பேட்டை முகவரியில் ஓட்டை வைத்துக்கொள்வது முறையில்லை. படிவம் 8 கொடுத்து அதையும் பெங்களூருக்கு மாற்றிக்கொள்வதுதான் நேர்மை. ஊர்ப் பாசம் எனக்கும் புரிகிறது, ஆனால் வாழும் ஊரின் தண்ணீருக்கும் சாலைக்கும் அங்கேதானே ஓட்டுப் போட வேண்டும்.

பட்டதாரிகளுக்கு உரியது படிவம் 18. பட்டச் சான்றிதழ் அல்லது மதிப்பெண் பட்டியலின் அட்டெஸ்ட் செய்த நகலை அதோடு இணைக்க வேண்டும். கட்சிக்காரர்கள் கட்டாக வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும் விண்ணப்பங்களைத் தேர்தல் ஆணைய விதிப்படி ஏற்கக்கூடாது. அதனால் மகளே நேரில் கொடுக்கட்டும். முக்கியமான ஒன்று: இந்தப் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத்தான் தயாரிக்கிறார்கள். போன முறை பெயர் இருந்ததே என்று சும்மா இருந்தவர்கள் பலர் வாக்குச்சாவடி வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

ஆசிரியர்கள் மட்டும் ஓட்டுப் போடும் ஆசிரியர் தொகுதியும் உண்டு, அதற்குப் படிவம் 19. அதில் ஒரு சிக்கல் உண்டு. கடைசி ஆறு வருடங்களில் மொத்தம் மூன்று வருடமாவது, அந்த மாநிலத்துக்குள் உள்ள உயர்நிலைப் பள்ளியிலோ அதற்கு மேற்பட்ட நிறுவனத்திலோ கற்பித்திருக்க வேண்டும். பெரம்பூரில் கற்பித்த வருடங்கள் பெங்களூரில் கணக்கில் வராது.

சரி, இப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் போய் உட்காரும் சபை எது? இன்று ஆறு மாநிலங்களில்தான் மேலவை இருக்கிறது: உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா. கர்நாடகத்தில் 75 இடங்கள். அதில் 25 பேரை எம்.எல்.ஏ.க்களும், 25 பேரை உள்ளாட்சி உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டதாரிகளுக்கு 7, ஆசிரியர்களுக்கு 7. மீதி 11 பேர் இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகிய துறைகளிலிருந்து ஆளுநர் நியமிப்பவர்கள். ஒருவருக்கு ஆறு வருடப் பதவி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், சபை கலையாது.

அதிகாரம்? குறைவுதான். நிதி மசோதாவை 14 நாள் வைத்திருக்கலாம், அவ்வளவே. மற்ற மசோதாவை முதல் முறை மூன்று மாதம், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் நிறுத்தலாம். அதற்கு மேல் சட்டமன்றம் சொன்னதுதான். நாடாளுமன்றத்தில் போல இரண்டு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டுக் கூட்டம் கிடையாது. அரசைக் கவிழ்க்க முடியாது, குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் எம்.எல்.சி.க்கு ஓட்டு இல்லை. ஆனால் அமைச்சராகலாம், முதல்வராகவும் ஆகலாம். தாமதப்படுத்துவதும் சில சமயம் பெரிய விஷயமாகிவிடும். 2020 ஜனவரியில் ஆந்திரத்தின் மூன்று தலைநகர் மசோதா மேலவையில் சிக்கியது. அடுத்த சில நாட்களிலேயே மேலவையைக் கலைக்கச் சொல்லிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2021-இல் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. இதில் நான் அவர் பக்கம். அரசியல் சட்டம் எழுதிய காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் மிகக் குறைவு. அவர்களின் குரல் தனியாகக் கேட்கட்டும் என்று நினைத்ததற்கு அன்று ஒரு அர்த்தம் இருந்தது. இன்று காசிமேட்டில் வலை இழுப்பவருக்கும் துறைமுகத்தில் சரக்கு இறக்குபவருக்கும் தொழில் பற்றித் தெரிந்ததை எந்த பி.காம். பட்டமும் தந்துவிடாது. அப்படியிருக்க, ஒரு சான்றிதழுக்காக மகளுக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைப்பதும் அப்பாவுக்குக் கிடைக்காததும் எனக்குச் சரியாகப் படவில்லை. அங்குள்ள தொழிலாளியின் ஓட்டு, அவர் தேர்ந்தெடுத்த கவுன்சிலர், எம்.எல்.ஏ. வழியாக மறைமுகமாகத்தான் மேலவைக்குப் போகிறது.

ஆனால் அவரிடம் இதையும் சொல்லுங்கள். பட்டதாரி தொகுதியில் ஓட்டுப் போடத்தான் பட்டம் வேண்டும், போட்டியிடப் பட்டம் தேவையில்லை. இதைத் தீர்மானித்த வழக்கே நம் ஊர் வழக்கு. 1970-இல் சென்னைப் பட்டதாரிகள் தொகுதியில் பட்டம் பெறாத ஒருவர் ஜெயித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972-இல் அவர் வெற்றி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 30 வயது நிறைந்து, அந்த மாநிலத்தின் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் வேட்பாளர் ஆகலாம்.

ஆம், நம்மிடமும் மேலவை இருந்தது. 1937-இலிருந்து இரண்டு அவைகள். 1952-இல் ராஜாஜி நியமன உறுப்பினராக வந்து முதல்வரானார். 1967-இல் முதல்வரான அண்ணாவும் மேலவை உறுப்பினர்தான். கடைசித் தலைவர் ம.பொ.சி. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986 நவம்பர் 1 அன்று மேலவை கலைக்கப்பட்டது. மேலவை வேண்டுமா, வேண்டாமா என்று சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் போட வேண்டும், பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 2010-இல் மேலவையைத் திரும்பக் கொண்டுவர இரண்டும் நடந்து, 78 இடங்கள் என்று முடிவானது. தேர்தல் நடக்கும் முன்பே ஆட்சி மாறி, 2011-இல் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது.

மகளுக்கு வாக்குப்பதிவு நாளுக்கான குறிப்பு. அங்கே இயந்திரம் இருக்காது, காகித வாக்குச்சீட்டுதான். பிடித்த வேட்பாளருக்கு நேராக 1 என்று எழுத வேண்டும், விரும்பினால் அடுத்தவர்களுக்கு 2, 3. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். அதனால் 2, 3 போடுவதும் வீண் அல்ல. டிக் அடித்தாலோ, எண்ணை எழுத்தால் எழுதினாலோ, கையெழுத்துப் போட்டாலோ சீட்டு செல்லாது. படித்தவர்கள் ஓட்டுப் போடும் இந்தத் தேர்தலில் செல்லாத ஓட்டு நிறைய விழுவது இதனால்தான். அங்கே கொடுக்கும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.