கம்பைல் ஆச்சு, பிப் ஓடலை – கடிதம்

அன்புள்ள சார்,

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். எட்டாம் வகுப்புக்குக் கணினிப் பாடமான ஐசிடியும் நான்தான் எடுக்கிறேன். என் சொந்த லேப்டாப்பில் உபுண்டு 18.04 லினக்ஸ், அதோடு வந்த நிரல் மொழி பைதான் 3.6. பிள்ளைகள் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டால் இது 'நேம் எரர்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். புதிய பைதான் 'நீங்கள் சொன்னது இதுவா?' என்று சரியான பெயரையும் காட்டும் என்றார்கள். அந்த ஆசையில் 3.12-ஐ சோர்ஸாக, அதாவது எழுதிய நிரலாகவே இறக்கி, கம்பைல் செய்து ஓடும் நிரலாக மாற்ற கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் மூன்றும் போட்டேன். எரர் எதுவும் வரவில்லை.

ஆனால் பைதானுக்குக் கூடுதல் பேக்கேஜ்களை இறக்கித் தரும் பிப் எதையும் இறக்க மாட்டேன் என்கிறது, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லையாம். பிரௌசர் நன்றாக ஓடுகிறதே, எஸ்எஸ்எல் இல்லாமலா ஓடும்? மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு அடித்த வரி வராமல் ஏதோ அடைப்புக்குறியும் 'ஏ' எழுத்தும் விழுகிறது. படம் வரையும் டர்ட்டிலில் ஒரு சதுரம்கூட வரைய முடியவில்லை. எங்கோ படித்துவிட்டு யுஎஸ்ஆர் 'பின்' ஃபோல்டரில் உள்ள பைதான்3 லிங்க்கை 3.12-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து டெர்மினலே திறப்பதில்லை. கோவையில் ஐடியில் இருக்கும் என் தம்பி, "ஃபார்மட் பண்ணு அக்கா, கம்பைல் எல்லாம் இந்தக் காலத்தில் யார் பண்ணுகிறார்கள்" என்கிறான். ஃபார்மட்தான் வழியா? பள்ளி லேபிலும் 3.12 போடலாம் என்று நினைத்திருந்தேன், அது சரியா?

ஒரு ஐசிடி டீச்சர்

*

அன்புள்ள டீச்சர்,

ஃபார்மட் வேண்டாம். உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். இரண்டாவதை முதலில் சரி செய்துவிடுவோம், டெர்மினல் இல்லாமல் மற்றதைத் தொட முடியாது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். உள்ளே போய் அந்த லிங்க்கைப் பழையபடி பைதான்3.6-க்குத் திருப்பிவிடுங்கள். அட்மின் அதிகாரம் தரும் சூடோவோடு எல்என், அதற்கு மைனஸ் எஸ்எஃப், அப்புறம் பைதான்3.6, கடைசியில் லிங்க்கின் முழுப் பாதை. ரீஸ்டார்ட் செய்தால் டெர்மினல் வந்துவிடும்.

அது ஏன் போனது? உபுண்டு 18.04-இல் டெர்மினலைத் திறக்கும் கட்டளையே ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட். மென்பொருளை நிறுவும் ஏபிடியைச் சுற்றியிருக்கும் பல கருவிகளும் பைதானில் எழுதியவைதான். இவை எல்லாம் 3.6-க்கென்று கம்பைல் செய்த மாட்யூல்களை நம்பி நிற்கின்றன. டிஸ்ட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் ஏபிடி_பிகேஜி என்று தொடங்கும் கோப்பின் முழுப் பெயரைப் பாருங்கள், நடுவில் சிபைதான்-36எம் என்று எழுதியிருக்கும். 3.12 அந்தப் பெயரைப் பார்த்ததும் இது நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடும், அப்புறம் 'அப்படி ஒரு மாட்யூல் இல்லை' என்று கைவிரிக்கும். யுஎஸ்ஆர் பின்னில் இருக்கும் பைதான் உபுண்டு தன் சொந்த வேலைக்கு வைத்திருப்பது. நம் பைதானை அதன் இடத்தில் உட்கார வைக்கச் சொல்லும் எந்த யோசனையையும் அப்படியே தள்ளிவிடுங்கள்.

இனி உங்கள் முதல் சிக்கல். எரர் வரவில்லை என்கிறீர்கள். வந்திருக்காது. பைதானின் மேக்குக்கு அப்படி ஒரு குணம் உண்டு. மொழியின் அடிப்படைப் பகுதி கம்பைல் ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்எல், ரீட்லைன் (அடிக்கும் வரியைத் திருத்த), டிகே (ஜன்னல், படம் காட்ட), எஸ்கியூலைட் (டேட்டாபேஸ்) போன்றவை அதன் கணக்கில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற வகை. அதற்காக மறைப்பதும் இல்லை. முடிகிற இடத்தில், இந்த விருப்ப மாட்யூல்களைக் கட்டத் தேவையானவை கிடைக்கவில்லை என்று சொல்லிப் பெயர்களை வரிசையாகப் போடும். எஸ்எஸ்எல்லுக்குத் தனியாக ஒரு வரி, ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் 1.1.1 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று. எத்தனை மாட்யூல் உள்ளேயே சேர்ந்தது, எத்தனை தனிக் கோப்பாக வந்தது, எத்தனை காணவில்லை என்ற கணக்கும் இருக்கும். ஆயிரக்கணக்கான வரி ஓடி முடிந்த களைப்பில் யாரும் அதைப் படிப்பதில்லை. நேராக மேக் இன்ஸ்டால் அடித்தால் அந்த வரிகள் திரைக்கு மேலே போய்விடும். கம்பைல் செய்வதில் படித்தே ஆக வேண்டிய இடம் என்றால் அதுதான், மற்றதெல்லாம் ஓடட்டும் என்று டீ குடிக்கப் போகலாம்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்தே அந்தப் பட்டியலில் என்ன இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். அம்புக்குறி வேலை செய்யாதது ரீட்லைன் இல்லாததால். டர்ட்டில் என்பது டிகேயின் மேல் எழுதியது, அதைப் பைதானோடு இணைக்கும் டிகிண்டர் இல்லையென்றால் டர்ட்டிலும் இல்லை. பிப் புலம்புவது எஸ்எஸ்எல்லுக்காக. ஆனால் பிப் என்று ஒன்று வந்து சேர்ந்து புலம்புகிறதே, அதிலிருந்து இஸட்லிப் இருக்கிறது என்று தெரிகிறது. பிப் சுருக்கிய கோப்பாகத்தான் பைதானுக்குள் வருகிறது. இஸட்லிப் இல்லையென்றால் அதைப் பிரிக்க முடியாமல் மேக் இன்ஸ்டாலே நின்றுபோயிருக்கும்.

பிரௌசர் ஓடுகிறதே என்று கேட்டது நல்ல கேள்வி. பிரௌசர் இதற்கென்று தன் சொந்த நூலகத்தை வைத்திருக்கும். ஓபன்எஸ்எஸ்எல்லும் உங்கள் கணினியில் இருக்கிறது, ஏற்கெனவே கம்பைல் ஆன நிரல்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. புதிதாக ஒன்றை அதோடு சேர்த்துக் கம்பைல் செய்ய, அதில் என்னென்ன ஃபங்ஷன் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன தர வேண்டும் என்று விவரிக்கும் ஹெடர் கோப்புகள் வேண்டும். டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் அந்த ஹெடர்களைப் பெயரின் கடைசியில் 'டெவ்' என்று வரும் தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கம்பைல் செய்யாதவருக்கு அவை எதற்கு என்ற நியாயம்தான். கான்ஃபிகர் ஓடும்போது 'செக்கிங் ஃபார்' என்று வரிவரியாகப் போகிறதே, அது இந்த ஹெடர்களையெல்லாம் தேடிப் பார்ப்பது. கிடைக்காததை 'நோ' என்று குறித்துக்கொண்டு பேசாமல் போய்விடும்.

ஆகவே ஏபிடி மூலம் இவற்றைப் போடுங்கள்: பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், டிகே-டெவ், லிப்எஸ்கியூலைட்3-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், இஸட்லிப்1ஜி-டெவ், லிப்பிஇஸட்2-டெவ், லிப்எல்இஸட்எம்ஏ-டெவ். பிகேஜி-கான்ஃபிக்கை விட்டுவிடாதீர்கள். 3.11-லிருந்து டிகே எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க பைதான் அதைத்தான் கேட்கிறது. டிகே-டெவ் போட்டும் டர்ட்டில் வரவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

அப்புறம் சோர்ஸ் ஃபோல்டரில் மேக் டிஸ்ட்கிளீன் போட்டு, கான்ஃபிகரை முதலிலிருந்து ஓட்டுங்கள். பழைய 'நோ'க்களை வைத்துக்கொண்டு மேக் மட்டும் மறுபடி அடித்துப் பயனில்லை. இந்த முறை கான்ஃபிகருக்கு ப்ரிஃபிக்ஸ், அதாவது எங்கே நிறுவ வேண்டும் என்ற பாதை, கொடுங்கள். உங்கள் ஹோமுக்குள் பை312 என்று ஒரு ஃபோல்டர் போதும். மேக் இன்ஸ்டாலுக்கு சூடோவே வேண்டாம். சூடோ இல்லையென்றால் உபுண்டுவின் பைதானை நீங்கள் தவறியும் தொட முடியாது. இன்னொரு வசதி, பைதானில் மேக் அன்இன்ஸ்டால் என்று ஒன்று கிடையாது. தனி ஃபோல்டர் என்றால் வேண்டாதபோது ஃபோல்டரையே அழித்துவிடலாம். போன தடவை யுஎஸ்ஆர் லோக்கலுக்குள் போன 3.12 கோப்புகளைக் கையால்தான் நீக்க வேண்டும். முக்கியமாக அதன் 'பின்' ஃபோல்டரில் உள்ள பைதான்3, பிப்3 இரண்டையும் எடுத்துவிடுங்கள். கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் வரிசையான பாத்தில் அது முன்னால் வருவதால், டெர்மினலில் பைதான்3 என்று அடித்தால் இன்னமும் அந்தக் குறைப்பைதான்தான் வந்து நிற்கும். எல்லோருக்கும் பொதுவாக யுஎஸ்ஆர் லோக்கலில்தான் போட வேண்டுமென்றால் மேக் இன்ஸ்டாலுக்குப் பதில் மேக் ஆல்ட்இன்ஸ்டால். அது பைதான்3.12 என்ற பெயரை மட்டும் வைக்கும், பைதான்3 என்ற பெயரைத் தொடாது.

எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் என்று ஒரு ஆப்ஷன் எல்லா இடத்திலும் சொல்வார்கள். அது ஒருமுறை கம்பைல் செய்து, சோதனைகளை ஓட்டி எந்த வழி அதிகம் புழங்குகிறது என்று அளந்து, அந்த அளவை வைத்து மறுபடி கம்பைல் செய்யும். பைதான் வேகமாகும்தான், ஆனால் பழைய லேப்டாப்பில் ரொம்ப நேரம் பிடிக்கும். முதலில் அது இல்லாமல் எல்லா மாட்யூலும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனேபிள்-ஷேர்டு பக்கமே போகாதீர்கள், லிப்பைதானைக் காணோம் என்று இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும். நடுவில் சார்ஜ் தீர்ந்து லேப்டாப் அணைந்தாலும் கவலையில்லை. மறுபடி மேக் அடித்தால் கோப்புகளின் நேரத்தைப் பார்த்து மிச்சத்தை மட்டும் செய்யும். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியதே இதற்காகத்தான். அணைந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நின்று ஏதாவது தகராறு செய்தால் மேக் கிளீன் போட்டுத் தொடங்குங்கள்.

முடிந்ததும் புதிய பைதானை அதன் முழுப் பாதையோடு திறந்து எஸ்எஸ்எல், ரீட்லைன், டிகிண்டர், எஸ்கியூலைட்3 நான்கையும் இம்போர்ட் செய்து பாருங்கள். எரர் இல்லையென்றால் அதைக் கொண்டே ஒரு வென்வ் (தனித்த பைதான் சூழல்) உருவாக்கி, பிப் வேலைகளை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்னதில் பாதி சரி. வேலைக்கு ஒரு புதிய பைதான் வேண்டும் என்பது மட்டுமே தேவை என்றால் கம்பைல் செய்வது வீண்தான். 18.04-க்கான பொது ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது. 24.04-க்கு மாறினால் 3.12 அதோடு வந்துவிடும், ஒரு வரி அடிக்க வேண்டாம். ஆனால் கணினி சொல்லிக் கொடுக்கிறவர் ஒருமுறையாவது இதைச் செய்து பார்ப்பது நல்லது என்பது என் கட்சி. ஒரு மொழி எதெதன் தோளில் நிற்கிறது என்று அம்புக்குறி வேலை செய்யாதபோது தெரிகிற மாதிரி எந்தப் பாடத்திலும் தெரியாது. 1991-இல் கைடோ வான் ராசம் பைதானை முதலில் வெளியிட்டதும் சோர்ஸாகத்தான். வேண்டியவர்கள் தாங்களே கம்பைல் செய்துகொண்டார்கள்.

பள்ளி லேபில் போட வேண்டாம். உங்கள் கேரளத்தில் 2001-இல் ஐடி@ஸ்கூலாகத் தொடங்கி 2017-இல் கைட் ஆன அமைப்பு, பாடப்புத்தகத்துக்கு ஏற்ற லினக்ஸைப் பள்ளிகளுக்குத் தயாரித்துக் கொடுக்கிறது. இங்கே கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அதில் இருக்கும் பைதானில் டர்ட்டில் ஓடுகிறது, பரீட்சையும் அதில்தான். 'நீங்கள் சொன்னது இதுவா' என்று கேட்கும் பைதானைப் பிள்ளைகளுக்குக் காட்ட உங்கள் லேப்டாப்பை வகுப்பு ப்ரொஜக்டரில் மாட்டிக்கொள்ளுங்கள். ஏதாவது இம்போர்ட் ஆகவில்லை என்றால், மேக்கின் கடைசி இருபது வரிகளை அப்படியே அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்