வண்டி ஜாதகம்: இத்தாலி வண்டிகள் பற்றி வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கொட்டகையில் ஒரு மோட்டோ கூட்ஸி பைக் கிடக்கிறது. டேங்கில் கழுகுச் சின்னம் இருக்கிறது. 'இது 1950 மாடல் ஃபல்கோனே, கேட்ட விலை கிடைக்கும்' என்கிறார் ஒரு புரோக்கர். நம்பலாமா? இஞ்சின் ஜாம் ஆகியிருக்கிறது, அதற்கு என்ன செய்வது? (வாசகர், ராயபுரம்)

கழுகை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் உலகப் போரில் இத்தாலிய விமானப் பிரிவில் பழகிய மூன்று நண்பர்கள் கார்லோ கூட்ஸி, ஜார்ஜோ பரோடி, ஜொவான்னி ரவெல்லி. ரவெல்லி 1919இல் விமான விபத்தில் இறந்தார். மற்ற இருவரும் 1921இல் கம்பெனி தொடங்கியபோது அவர் நினைவாக வைத்ததுதான் அந்தக் கழுகு. எல்லா கூட்ஸியிலும் அது உண்டு. போதாததற்கு, புது ஸ்டிக்கரும் விலைக்குக் கிடைக்கிறது.

முதலில் இடது பக்கம் பாருங்கள். தட்டு போன்ற பெரிய ஃப்ளைவீல் (இஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) வெளியே தெரிந்தால் அது பழைய படுக்கை சிலிண்டர் வரிசை. ஃப்ளைவீல் மூடிக்குள் இருந்து, மின்சாரமும் 12 வோல்ட் என்றால் அது 1969இல் வந்த நுவோவோ ஃபல்கோனே. பெயர் ஒன்றுதான், வண்டி வேறு, விலையும் வேறு.

அடுத்து முன் ஃபோர்க். இரு குழாய் டெலஸ்கோப்பிக் என்றால் ஃபல்கோனேவாக இருக்க வாய்ப்புண்டு. நடுவில் ஸ்பிரிங் வைத்த கர்டர் ஃபோர்க்கும் 500 சி.சி. இஞ்சினும் என்றால் போருக்குப் பின் ராணுவத்துக்குச் செய்த சூப்பர்அல்சேவாக இருக்கலாம். ஃபோர்க்கை மாற்றி, டேங்கை மாற்றி, சூப்பர்அல்சேயை ஃபல்கோனே ஆக்குவது இத்தாலியிலேயே நடக்கிற வேலைதான். ஆகவே ஃபோர்க் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்தால் பாதிச் சந்தேகம் தீரும். ஹெட்டைக் கழற்றி வெர்னியர் வைத்துப் பாருங்கள். 88 மி.மீ. என்றால் 500 வரிசை. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 82 மி.மீ. இருக்கும், கணக்குக்கு 498 சி.சி. வரும். 70 மி.மீ. என்றால் அது 250 சி.சி. ஏரோனே. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், புரோக்கருக்கு அது ரொம்ப வசதி.

ஜாம் ஆன இஞ்சினுக்கும் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். புல்லட்டில் செய்கிற மாதிரி பிளக் ஓட்டை வழியாக டீசலை ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் இங்கே பலிக்காது. சிலிண்டர் படுத்திருப்பதால் எண்ணெய் அடியில் தங்கிவிடும், மேல்பக்க ரிங்குகள் துருவோடு அப்படியே இருக்கும். கார்புரேட்டர், சைலன்சர் பைப், புஷ்ராடு மூன்றையும் எடுத்துவிட்டால் ஹெட் முன்பக்கமாகவே வந்துவிடும். பிறகு டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றுவது) சரிபாதி கலந்து, பனியன் வேஸ்ட்டை அதில் நனைத்து, பிஸ்டன் தலையில் சுற்றிலும் அழுத்தி அடையுங்கள். காலையும் மாலையும் மாற்ற வேண்டும். நான்கைந்து நாள் கழித்து டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். ஃப்ளைவீலில் சுத்தியலோ கடப்பாரையோ படக் கூடாது. அது கிராங்க் முனையில் உட்கார்ந்திருக்கிறது, அடி நேராக ஷாஃப்டுக்குப் போகும்.

பிஸ்டன் அசைந்ததும் உடனே கிக்கர் மிதிக்காதீர்கள். ஆயில் டேங்க் இஞ்சினுக்கு மேலே, பெட்ரோல் டேங்கின் கீழ் இருப்பதால், வருடக்கணக்கில் நின்ற வண்டியில் எண்ணெய் கசிந்து கிராங்க்கேஸில் நிறைந்திருக்கும். அதை முழுக்க வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள். டைமிங் வைக்கிற மெக்கானிக்கிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: இஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் பிரைமரி டிரைவில் செயின் கிடையாது, நேரடிப் பற்சக்கரம். அதனால் கிராங்க், சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றும். புல்லட் கையோடு வைத்தால் இக்னிஷன் தலைகீழாகிவிடும். டயருக்கு மட்டும் அலைய வேண்டாம், ஃபல்கோனேக்கு 19 அங்குலம்தான். புல்லட் டயர் கடையிலேயே கிடைக்கும்.

வண்டியை முதலில் பெயிண்ட் அடித்துவிட்டு அப்புறம் பேப்பர் பார்க்கலாமா? ஆர்.சி. புத்தகம் இறந்துபோன மாமா பேரில் இருக்கிறது. (வாசகர், தண்டையார்பேட்டை)

கூடவே கூடாது. கடற்காற்றில் துரு ஏறிய ஃபிரேமை மணல் வீச்சுக்கோ கிரைண்டருக்கோ கொடுத்தால் சேஸிஸ் எண் மழுங்கிவிடும். எண் மழுங்கிய வண்டியைத் திருட்டு வண்டியாகத்தான் பார்ப்பார்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவி, துணியால் துடையுங்கள். எமரி காகிதம் வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். பென்சிலால் தேய்த்து செல்லோ டேப்பில் ஒற்றி எடுக்கும் சேஸிஸ் பிரிண்ட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் ஓடிய வண்டி என்றால் ஐ.ஜி.எம். அல்லது டி.ஜி.எம். என்று தொடங்கி ஓ.எம். என்று முடியும் அரசு ஒப்புதல் முத்திரையும் இருக்கலாம். அதையும் படம் எடுங்கள்.

பேப்பரில் முதல் வேலை பெயர் மாற்றம். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை. இறந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டியது. தாமதமானால் அபராதத்தோடு கொடுக்கலாம். ஆர்.சி. புத்தகமே தொலைந்துவிட்டால் போலீஸ் புகார், படிவம் 26. பழைய கைப்பதிவேடு கணினியில் ஏறாமல் இருந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பேக்லாக் என்ட்ரி' கேளுங்கள். அந்த மேசையில்தான் பொறுமை தேவைப்படும்.

அதன்பின் வின்டேஜ் பதிவு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 2021 திருத்த விதிகள் இதை அனுமதிக்கின்றன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வண்டியில் தினமும் மிண்ட் வரை போய் வர முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர் மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான் அனுமதி. இந்தியாவில் பதிவே ஆகாமல் கப்பலில் வந்த வண்டி என்றால் சுங்கத்துறையின் 'பில் ஆஃப் என்ட்ரி' கேட்பார்கள். அது இல்லாத வண்டிக்கு 'நான் பேப்பர் ரெடி பண்ணித் தருகிறேன்' என்று யாராவது வந்தால், அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

'ஒரிஜினல் இத்தாலி லாம்பிரெட்டா எல்.ஐ. 150, 1968' என்று சொல்லி விற்கிறார்கள். ஹெட்லைட் ஹேண்டில்பாரில் இருக்கிறது, உடம்பு உருண்டையாக இருக்கிறது. (வாசகர், வியாசர்பாடி)

வருடமே காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் சொல்வது சீரிஸ் 2. மிலானில் லாம்பிரெட்டாவின் கம்பெனியான இன்னோசென்டி அதை 1959இலிருந்து 1961 வரைதான் செய்தது, பிறகு ஒடுங்கிய உடம்புள்ள சீரிஸ் 3க்கு மாறிவிட்டது. அந்தப் பழைய உருவத்தையே தொடர்ந்து செய்தது இந்தியாவில் இருந்த ஏ.பி.ஐ. (ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா) கம்பெனி. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயரான எம்.ஏ. சிதம்பரத்தின் குழுமத்தைச் சேர்ந்தது அது. ஆக 1968 சீரிஸ் 2 என்றால் பெரும்பாலும் நம்ம ஊர் வண்டி. நல்ல வண்டிதான், இத்தாலி விலை கொடுக்காதீர்கள், அவ்வளவே. ஃபிரேம் எண்ணும் இஞ்சின் எண்ணும் ஒன்றாக இல்லையே என்று மட்டும் பயப்பட வேண்டாம். இன்னோசென்டி வண்டியிலும் அவை ஒன்றாக இருக்காது. இரண்டும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1972க்குப் பிறகு இன்னோசென்டியின் அச்சும் இயந்திரமும் அரசின் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவுக்கு, லக்னோவுக்கு வந்துவிட்டன. அந்த வண்டிகள் தனி ரகம்.

பழைய இத்தாலி வண்டி, மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் காந்தத்தால் ஸ்பார்க் தரும் கருவி) வைத்தது. காலையில் முதல் கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது, எண்ணூர் வரை போனால் நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது. (வாசகர், திருவொற்றியூர்)

சூடேறினால் ஸ்பார்க் போகிறது என்றால் கண்டென்சரை முதலில் மாற்றுங்கள், அதுதான் மலிவு. தீராவிட்டால் காயில். பழைய ஷெல்லாக் பூச்சு சூட்டில் இளகி, சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுவிடும். ரீவைண்டிங் கடையில் எபாக்சி வார்னிஷ் போட்டுச் சுற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது காந்தத்தின் நடுவிலிருந்து ஆர்மெச்சரை (சுழலும் கம்பிச்சுற்று) எடுத்த கையோடு, இரு துருவத்துக்கும் குறுக்கே ஒரு மெல்லிய இரும்புப் பட்டையை வையுங்கள். வைக்காமல் ராத்திரி முழுக்க மேசையில் போட்டுவிட்டால் அந்தக் காலத்துக் காந்தம் வலுவிழக்கும். அப்புறம் காயில் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஸ்பார்க் மஞ்சளாகத்தான் வரும், காந்தத்துக்கும் மறுபடி காந்தசக்தி ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.