அர்ரேயைச் சுற்றி வர மீதிக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: லேப்வியூவில் (படமாக வரைந்து நிரல் எழுதும் மென்பொருள்) 5 நிறங்கள் கொண்ட அர்ரே (எண்ணிட்ட பட்டியல்). லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அதிலிருந்து ஒரு நிறம் எடுக்கிறேன். ஆறாவது சுற்றிலிருந்து கறுப்புதான் வருகிறது. பிழைச் செய்தியும் இல்லை.

பதில்: இன்டெக்ஸ், அதாவது உறுப்பின் இட எண், 0 முதல் 4 வரைதான். லூப்பின் சுற்றுகளை 0-விலிருந்து எண்ணும் i-யின் மதிப்பு ஆறாவது சுற்றில் 5. எல்லை தாண்டினால், உறுப்பை எடுத்துத் தரும் 'இன்டெக்ஸ் அர்ரே' நோட் பிழை காட்டாது, அந்த வகையின் இயல்பு மதிப்பைத் தரும். நிறத்துக்கு அது 0, அதாவது கறுப்பு. x-ஐ y-யால் வகுத்து ஈவும் மீதியும் தரும் 'கோஷன்ட் அண்ட் ரிமைண்டர்' நோடில் x-க்கு i-யையும், y-க்கு 'அர்ரே சைஸ்' நோட் தரும் உறுப்பு எண்ணிக்கையையும் கொடுத்து, மீதியை இன்டெக்ஸுக்கு இணையுங்கள். y-யில் 5 என்று மாறிலி போடாதீர்கள். நாளை ஆறாவது நிறம் சேர்த்தால் அது தலைகாட்டவே காட்டாது.

கேள்வி: அப்படித்தான் செய்திருக்கிறேன். 1 மில்லிசெகண்ட் வைல் லூப், மூன்று வாரத்துக்கு மேல் ஒழுங்காக ஓடி, பிறகு ஒரே நிறத்தில் நின்றுவிட்டது.

பதில்: மூன்றாவது நிறமா என்று பாருங்கள். i ஒரு ஐ32, அதாவது குறை எண்களும் ஏற்கும் 32 பிட் எண். 2147483647-ஐத் தொட்டதும் அதற்குமேல் ஏறாது, அங்கேயே நிற்கும். உங்கள் வேகத்தில் அதற்குக் கிட்டத்தட்ட 25 நாள். 2147483647-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 2. அதனால்தான் மூன்றாவது நிறம். நாள்கணக்கில் ஓடும் நிரலில் i-யை நம்பவே கூடாது. ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரை 0-வில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 1 கூட்டி, மீதி எடுத்து, அந்த மீதியையே திரும்ப ரெஜிஸ்டரில் வையுங்கள். எண் 4-ஐத் தாண்டாது.

கேள்வி: 'முந்தையது' பட்டன் 0-விலிருந்து 4-க்குப் போக மறுக்கிறது.

பதில்: ஒயர் யு32 வகையாக (குறை எண் ஏற்காத 32 பிட் எண்) இருக்கும். அதில் 0-விலிருந்து 1 கழித்தால் 4294967295. 5-ஆல் வகுத்தால் மீதி 0. அர்ரேயில் 8 உறுப்புகள் இருந்தால் இதே தவறு 7 என்ற சரியான விடையைத் தந்து ஏமாற்றும். ஐ32-க்கு மாற்றுங்கள், லேப்வியூவில் -1-ஐ 5-ஆல் வகுத்த மீதி 4தான். யு32 கட்டாயம் என்றால் 1 கழிப்பதற்குப் பதிலாக 4 கூட்டுங்கள்.

கேள்வி: ஸ்கிராட்சில் (கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மொழி) எப்படி?

பதில்: அங்கே பட்டியல் 1-இல் தொடங்குகிறது. இங்கே i என்பது இப்போதைய இட எண். அடுத்தது: i-யை நீளத்தால் வகுத்த மீதி, கூட்டல் 1. முந்தையது: i-யில் 2 கழித்து, மீதி எடுத்து, 1 கூட்டவும்.

கேள்வி: ஒரே எண்ணால் 2டி அர்ரே (வரிசையும் நெடுவரிசையும் கொண்ட அட்டவணை) முழுக்க நடக்க முடியுமா?

பதில்: முடியும். நெடுவரிசைகளின் எண்ணிக்கையால் வகுங்கள்: ஈவு வரிசை, மீதி நெடுவரிசை. 5 நெடுவரிசை என்றால் 13-க்கு வரிசை 2, நெடுவரிசை 3. வரிசைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், சதுர அர்ரேயில் மட்டும் தவறு வெளியே தெரியாது.

கேள்வி: 6 உறுப்பில் இரண்டிரண்டாகத் தாவினால் பாதி விடுபடுகிறதே?

பதில்: 2-க்கும் 6-க்கும் பொது வகுத்தி இருப்பதால் 0, 2, 4 மட்டுமே வரும். 5 ஆகத் தாவுங்கள். எல்லாம் வரும், ஆனால் பின்னோக்கிய வரிசையில்.