கடலடி மலைகள்: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கல்லூரி மாணவி, காரைக்குடி): கடலடி மலை என்று எதைச் சொல்கிறார்கள்?

பதில்: கடல் தரையிலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தும் நீர்மட்டத்தை எட்டாமல் நிற்பதையே பொதுவாக அப்படி அழைப்பார்கள். பெரும்பாலானவை எரிமலைகளாகப் பிறந்தவை. சில ஒரு காலத்தில் தீவுகளாக நின்று, அலைகளால் உச்சி மழுங்கி, பிறகு கடல் தரையோடு சேர்ந்து தாழ்ந்தவை. தட்டையுச்சி கொண்ட இவ்வகைக்கு 1946-இல் ஹாரி ஹெஸ் 'கையோட்' என்று பெயரிட்டார். அரபிக்கடலில் உள்ள வாடியா மலை இவ்வகையைச் சேர்ந்தது.

கேள்வி (ஓர் ஆச்சி, தேவகோட்டை): எங்கள் ஐயா கொடுக்கல் வாங்கலுக்காகக் கப்பலேறி ரங்கூன் போனவர்கள். அந்த வழியில் இப்படிப்பட்ட மலைகள் உண்டா?

பதில்: உண்டு ஆச்சி, ஆனால் அவை புதைந்து கிடக்கின்றன. வங்காள விரிகுடாவின் அடியில் கிழக்குத் தீர்க்கரேகை 85 டிகிரியை ஒட்டி ஒரு மலைத்தொடரும், 90 டிகிரியை ஒட்டி ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளமுள்ள மற்றொன்றும் வடக்குத் தெற்காகச் செல்கின்றன. இமயத்தை அரித்துக் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அவற்றின் வடபகுதியை முழுவதுமாக மூடிவிட்டது. முதல் தொடரின் தென்கோடியில், இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில், அஃபனாசி நிகிதின் மலை வண்டலுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ரஷ்ய வணிகரின் பெயர் அது.

கேள்வி (பள்ளி ஆசிரியர், கானாடுகாத்தான்): வெயில் எட்டாத ஆழத்தில் அங்குள்ள உயிர்கள் எதைத் தின்று வாழ்கின்றன?

பதில்: மேலிருந்து உதிர்வதையும் நீரோட்டம் கொண்டுவருவதையும்தான். ஆழ்கடல் தரையின் பெரும்பகுதி சேறு; அதில் பெரும்பாலான பவளங்களும் கடற்பஞ்சுகளும் வேரூன்ற முடியாது. மலையிலோ வெற்றுப் பாறை கிடைக்கிறது, மலை குறுக்கே நிற்பதால் உச்சியிலும் விளிம்புகளிலும் நீரோட்டம் விரைகிறது. அங்கே விசிறிப் பவளங்கள் ஓட்டத்துக்குக் குறுக்கே கிளைகளை விரித்து, கடந்து செல்லும் சிற்றுயிர்களை ஒவ்வொன்றாகப் பற்றி உண்கின்றன. ஹவாய்க் கடலில் எடுத்த ஆழ்கடல் கரும்பவளம் ஒன்றின் வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள்.

கலிபோர்னியாவுக்கு அப்பால் உள்ள டேவிட்சன் மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழத்தில், 2018-இல் கண்ட காட்சி இன்னும் வியப்பானது. சுற்றிலும் நீர் 2 டிகிரிக்கும் குறைவாகக் குளிர்ந்திருக்க, பாறை இடுக்குகளில் மட்டும் வெதுவெதுப்பான நீர் கசிகிறது. அந்த இடுக்குகளில் ஆயிரக்கணக்கான பெண் எண்காலிகள் (ஆக்டோபஸ்) கைகளை மடித்து முட்டைகளைப் போர்த்தி அடைகாக்கின்றன. அந்த வெப்பத்தால் முட்டைகள் இரண்டு ஆண்டுகளுக்குள் பொரிகின்றன.

கேள்வி (வணிகர், பள்ளத்தூர்): நிகிதின் மலையில் கோபால்ட் என்ற உலோகம் இருக்கிறதாமே, எடுத்தால் நாட்டுக்கு நல்லதுதானே?

பதில்: அங்கே ஆய்வு செய்ய அனுமதி கோரி 2024 ஜனவரியில், நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடல் தரைக்குப் பொறுப்பான சர்வதேசக் கடற்படுகை ஆணையத்திடம் இந்தியா விண்ணப்பித்தது. ஆனால் கோபால்ட் இருப்பது பாறையின் மேலோட்டில். அது சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். பவளமும் பஞ்சும் பற்றியிருப்பதும் அதே மேலோட்டைத்தான் என்பதால், சுரண்டினால் இரண்டும் சேர்ந்தே போகும். நியூசிலாந்துக் கடலடி மலைகளில் நூறாண்டுக்கு மேல் வாழக்கூடிய ஆரஞ்சு ரஃபி மீனுக்காக இழுவை மடி போட்டார்கள். மீன்வளம் குறைந்தது, சிதைந்த பவளக் காடுகள் பல ஆண்டுகள் கழிந்தும் மீளவில்லை. எனவே அந்த மலையில் என்னென்ன வாழ்கின்றன என்று முதலில் முழுமையாகக் கணக்கெடுத்து, ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்கிவைத்த பிறகே மேலோட்டில் கை வைப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.