அலைவாய்க்குடிக்கு வரலாறு எதற்கு?

கேள்வி: அலைவாய்க்குடி என்ற இல்லாத ஊருக்கு மாதந்தோறும் வரலாறு எழுதுகிறீர்கள். ஐரோப்பாவில் எவனோ தோற்றதற்கு நம் ராஜா கடற்கரையில் கோபுரம் கட்டினாராம்; அடுத்தடுத்த ஊர்களில் வெவ்வேறு நாட்டுக் கொடிகள் பறந்தனவாம்; எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் குடியிருந்தார் என்று கல்லில் வெட்டி வைத்தார்களாம். நம்பும்படி எழுதக் கூடாதா? தஞ்சைப் பெரிய கோயிலின் உண்மைப் பெருமைகளைத் தொகுத்து ஒரு கட்டுரை இணைத்துள்ளேன். தொடரை நிறுத்திவிட்டு அதை வெளியிடுங்கள்.
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: அந்தத் தொடரில் கற்பனை என்பது ஊரின் பெயரும், அதன் நகராட்சித் தலைவரும், குளத்தைத் தூர்வாராமலேயே தூர்வாரியதாகக் கணக்கெழுதும் ஒப்பந்தக்காரரும்தான். (கடைசியாகச் சொன்னவரைக் கற்பனை என்று சொல்ல எனக்கே சற்றுத் தயக்கம் உண்டு.) தாங்கள் நம்ப மறுக்கும் மூன்று செய்திகளும் காவிரிப் படுகையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை.

கோபுரம் தங்கள் ஊரிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பும் தொலைவில்தான் நிற்கிறது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே சரபேந்திரராஜன்பட்டினத்தில், நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் கொண்டாடி தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்கு மனோராவைத்தான் சொல்கிறேன். வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டப்பட்டது என்று பலரும் எழுதுகிறார்கள்; ஆனால் அங்குள்ள கல்வெட்டில் காணும் ஆண்டு 1814, வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூனில். கொடிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1750இல் ஒருவர் தரங்கம்பாடியில் வண்டி கட்டிக்கொண்டு காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போயிருந்தால், முதல் ஊரில் டேனியர், இரண்டாவதில் பிரெஞ்சுக்காரர், மூன்றாவதில் டச்சுக்காரர் என மூன்று கொடிகளையும் பார்த்திருப்பார். இன்றும் அதே வழியில் பேருந்தில் போகிறவர்கள் தமிழ்நாட்டை விட்டுப் புதுச்சேரி மாநிலத்துக்குள் நுழைந்து, மறுபடியும் தமிழ்நாட்டில்தான் இறங்குகிறார்கள்.

வீட்டுக் கணக்குச் செய்தியைத் தாங்கள் ஐயப்பட்டதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனெனில் அது தாங்கள் கட்டுரை எழுதியிருக்கும் அதே பெரிய கோயிலின் மதிலில் உள்ளது. சோழ நாட்டின் பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, நானூறு ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு வரவழைத்துத் தளிச்சேரிகள் என்ற கோயில் குடியிருப்புகளில் குடியமர்த்திய ராஜராஜன், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் பங்கு ஒன்றை அளித்து, யார் எந்தச் சேரியில், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்), எத்தனையாவது வீட்டில் இருந்தார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதையெல்லாம் கல்லில் வெட்டச் செய்தான். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் தலைவீட்டில் இருந்தவள் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. ஒருத்தி இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவள் பங்கு யாரைச் சேர வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. நட்டுவம் செய்தவர் முதல் துணி தைத்த தையான், முடி திருத்திய நாவிசன் வரை கோயில் ஊழியர்களுக்கும் பட்டியலில் இடம் கிடைத்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தெருவில் கதவைத் தட்டிப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு விவரம் கிடைப்பதைக் காட்டிலும் பெரிய பெருமை அந்தக் கோயிலுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் தங்கள் கட்டுரையில் சேரமங்கை இல்லை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இருக்கிறது. உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்று இருக்கிறது. வெயில் அடிக்கும் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குக் கோயில் முற்றத்தில் போய் நின்றால், தாங்கள் நிற்கும் இடமே நிழலாக இருக்கக் கூடும். உச்சிக்கல்லும் பல துண்டுகளை இணைத்து அமைத்ததுதான்.

'மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்று அடுக்கிச் சொல்லும் வழக்கம் தாங்கள் அறியாததல்ல. அந்த வேதாரண்யத்து விளக்கின் திரியைத் தூண்டிய எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியானது என்ற கதையைக் கேட்டு யாரும் ஏமாறுவதில்லை, ஏனெனில் அது புராணம் என்று சொல்லித்தான் புராணம் சொல்கிறார்கள். அலைவாய்க்குடியும் முதல் வரியிலேயே தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொள்கிறது. அந்த நாணயம் நிழல் விழாத விமானத்துக்கு இல்லை. மெய்யான ஊரின் மேல் ஏற்றி வைக்கப்பட்ட பொய் என்பதால் அது பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டி வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

எனவே தொடர் அடுத்த இதழிலும் வரும். தங்கள் கட்டுரையைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறோம். நிழல் பற்றிய பத்தியையும் ஒரே கல் பற்றிய பத்தியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தெற்குத் தளிச்சேரியைப் பற்றி எழுதி அனுப்பினால், தொடருக்கு எதிர்ப்பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.