செயற்கை நுண்ணறிவின் சமூக விளைவுகளைப் பற்றிய ஆய்வுகளால் நடைமுறையில் பயன் உண்டா?

சமூகவியலில் முதுகலைப் படிப்பை முடிக்கவிருக்கும் தாங்கள், செயற்கை நுண்ணறிவு சமூகத்தையும் பண்பாட்டையும் எப்படி மாற்றுகிறது என்பதை ஆராய விரும்புவதாகவும், இத்தகைய ஆய்வுகள் பொறியாளர்கள் கட்டி முடித்ததைக் குறை சொல்வதோடு நின்றுவிடுகின்றனவோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் சமூகவியல் படித்துவிட்டுத் தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு வந்தவன்தான். என் வேலையை நான் செய்யும் விதத்தையே மாற்றிய ஓர் ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அந்த ஆய்வு 2019 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. சியாத் ஓபர்மேயர், பிரையன் பவர்ஸ், கிறிஸ்டீன் வோகெலி, செந்தில் முல்லைநாதன் ஆகிய நால்வர் எழுதியது. அமெரிக்காவில், பல நாள்பட்ட நோய்கள் உள்ளவர்களுக்குக் கூடுதல் செவிலியர் உதவி போன்றவற்றைத் தரும் தனிக் கவனிப்புத் திட்டங்களை மருத்துவமனைகள் நடத்துகின்றன. இடங்கள் குறைவு என்பதால், யாருக்கு இக்கவனிப்பு மிகவும் தேவை என்று கணித்து மதிப்பெண் இடும் வேலை மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் ஒரு பெரிய மருத்துவமனையின் 2013 முதல் 2015 வரையிலான பதிவுகளில் இருந்து 6,079 கறுப்பின நோயாளிகளையும் 43,539 வெள்ளையின நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு, ஒரே மதிப்பெண் பெற்ற இரு தரப்பினரின் உண்மையான உடல்நிலையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மதிப்பெண் வரிசையின் உச்சியில், திட்டத்துக்குத் தானாகவே தேர்வாகும் எல்லைக்கோட்டில், கறுப்பின நோயாளி ஒருவருக்குச் சராசரியாக 4.8 நாள்பட்ட நோய்கள் இருந்தன. அதே மதிப்பெண் பெற்ற வெள்ளையினத்தவருக்கு 3.8 மட்டுமே. அதாவது, ஒருவர் கறுப்பினத்தவராக இருந்தால், அதே வாசலைத் தாண்டுவதற்கு அவர் மற்றவரைவிட அதிக நோயாளியாக இருக்க வேண்டியிருந்தது.

அந்த மென்பொருளுக்கு நோயாளியின் இனம் என்ன என்பதே உள்ளீடாகத் தரப்படவில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. நோயை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், அடுத்த ஆண்டில் அந்த நோயாளிக்கு எவ்வளவு மருத்துவச் செலவாகும் என்பதையே தேவையின் அளவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோய் கூடினால் செலவும் கூடும் என்பது நியாயமான ஊகமாகத்தான் தோன்றும். ஆனால் அதே எண்ணிக்கையில் நோய்கள் உள்ள கறுப்பின நோயாளிக்கு, வெள்ளையின நோயாளியைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 டாலர் குறைவாகவே செலவிடப்பட்டிருந்தது. மென்பொருள் செலவைச் சரியாகவே கணித்தது. அது கணித்தது தேவையை அல்ல என்பதுதான் எவர் கண்ணிலும் படாமல் போயிற்று.

செலவு ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை சொல்ல எண்கள் மட்டும் போதவில்லை. வறுமை, மருத்துவமனைக்குப் போய்வர வசதியின்மை, வேலையை விட்டு வர முடியாமை ஆகியவற்றோடு, மருத்துவத் துறையின் மீதான நம்பிக்கையின்மையையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டினார்கள். அலபாமா மாநிலத்தின் டஸ்கேகீயில் 1932 முதல் 1972 வரை, மேகப்புண் (சிஃபிலிஸ்) நோய் கண்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. அந்த வரலாற்றை அறிந்தவருக்குத்தான், 'செலவு குறைவு' என்ற கட்டத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று புரியும். தாங்கள் படித்த துறையின் இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆய்வு அதோடு நிற்கவுமில்லை. மென்பொருளைச் செய்த நிறுவனத்தை ஆய்வாளர்களே அணுகினார்கள். அந்த நிறுவனம் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட தன் சொந்தத் தரவில் சோதித்து, அதே குறையைக் கண்டது. செலவோடு உடல்நிலையையும் சேர்த்துக் கணிக்கும்படி மாற்றியபோது, கறுப்பினத்தவருக்கு எதிரான அந்தப் பாகுபாடு 84 விழுக்காடு குறைந்தது. மருத்துவமனை தன் மதிப்பெண்களையும் நோயாளிப் பதிவுகளையும் ஒருங்கே திறந்துவிட்டதால்தான் இவ்வளவும் நடந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் இவ்விரண்டில் ஒன்றைக்கூடத் தருவதில்லை. ஆகவே தரவைப் பெறுவதற்குச் செலவிடும் மாதங்களையும் ஆய்வின் ஒரு பகுதியாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2017இல் அதே இதழில் அய்லின் கலிஸ்கன், ஜோஅன்னா பிரைசன், அரவிந்த் நாராயணன் ஆகியோர் எழுதிய கட்டுரையில் ஒரு சிறு எடுத்துக்காட்டு வருகிறது. துருக்கி மொழியின் படர்க்கைச் சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு கிடையாது. ஆனால் இயந்திரம் அதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும்போது மருத்துவரை ஆணாகவும் செவிலியரைப் பெண்ணாகவும் ஆக்கிவிட்டது. 'அவர் மருத்துவர்' என்று நாள்தோறும் எழுதும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு அடிக்கடி வருகிறது என்பதைப் பொருளுக்கு ஈடாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. செலவைத் தேவைக்கு ஈடாக வைத்த கதையேதான்.

இனி என் அனுபவம். ஒரு நகரத்தில், குடிநீர்க் குழாய்ப் பழுதுகளுக்கு எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று கணிக்கும் பணியில் சில ஆண்டுகளுக்கு முன் இருந்தேன். வந்து சேர்ந்த புகார்களின் எண்ணிக்கையைத்தான் பழுதின் அளவாக வைத்திருந்தோம். மேலே சொன்ன மருத்துவமனை ஆய்வைப் படித்த வாரத்தில், எங்கள் பட்டியலில் எப்போதும் அடியில் கிடந்த தெருக்களுக்கு நேரில் போனேன். வீட்டு வாசல்களில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள் இருந்தன. ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "யாரு வர்றாங்க தம்பி, நாங்க சொல்லி என்ன ஆகப்போகுது" என்றார் ஓர் அம்மா. பலமுறை புகார் செய்து பலன் இல்லாமல் ஓய்ந்துபோன தெரு, எங்கள் கணக்கில் குறையே இல்லாத தெருவாகப் பதிவாகியிருந்தது.

அதன்பின் புகார் எண்ணிக்கையோடு, குழாய்களின் வயது, நீர் அழுத்த அளவீடு, வீடுவீடாகக் கேட்டு எழுதிய விவரம் ஆகியவற்றையும் சேர்த்தோம். அந்த வீடுவீடான கணக்கெடுப்புக்கு வினாக்களை எழுதவும், கேட்பவரைப் பார்த்து மக்கள் பதிலை மாற்றிச் சொல்லாதபடி ஆட்களைப் பழக்கவும், குழுவில் இருந்த பொறியாளர் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முதுகலையின் இரண்டாம் ஆண்டில் கள ஆய்வு முறைகள் பற்றி நான் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைத் தேடி எடுத்துத்தான் அந்த வேலையைச் செய்தேன்.